பனியை எவ்வளவு விலக்கலாம்?

சனிக்கிழமை காலை பத்து மணி. செய்டா நீன் துறையில் நிற்கிறோம், நானும் அக்கா மகனும். கைதிகளை ஏற்றிவந்த கப்பல் பின்னால் நிற்கிறது. காலடியில் மரப்பலகை, எதிரே வரி அலுவலகம், அதை அடுத்துச் சில வீடுகள், ஒரு கலங்கரை விளக்கம். அதற்கு அப்பால் எதுவும் இல்லை. சாம்பல் கலந்த வெண்மையில் மூடுபனி மட்டும் சுவர்போல் நிற்கிறது.

"மாமா, அங்கிட்டு ஒண்ணுமே தெரியலையே. இன்னும் லோடு ஆகலையா?"

ஆகிவிட்டது. இந்த ஊர் இப்படித்தான் தொடங்கும். 2002 மே 1 அன்று கணினிக்கு வந்த ‘மாரோவிண்ட்’ விளையாட்டின் முதல் ஊர் இது. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் மூன்றாவதாக உருவாக்கிய கேம். வார்டன்ஃபெல் என்னும் எரிமலைத் தீவுதான் களம். கைதியாக வந்து இறங்குகிறோம். பெயரும் இனமும் தொழிலும் சொல்லிப் பதிவு செய்துகொள்கிறோம். கையில் ஒரு பொதியையும் 87 பொற்காசுகளையும் தந்து, பால்மோரா என்ற ஊரில் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்லி வெளியே விடுகிறார்கள். அதன்பின் எங்கே போவது, என்ன ஆவது என்பதெல்லாம் நம் பாடு.

கல்லூரி நாட்களில் இந்தத் தீவில் மாதக்கணக்காக அலைந்திருக்கிறேன். அக்கா மகனுக்குப் பதினாறு வயது, விடுமுறைக்கு வந்திருக்கிறான். அவனுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. இருபது ஆண்டுக்கு மேல் பழையதை இன்றைய கண்ணுக்குக் காட்டுவதென்றால் கொஞ்சம் பழுது பார்க்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் மோட் என்று பெயர்: விளையாடுபவர்களே செய்து, இலவசமாகப் பகிரும் திருத்தங்களும் சேர்க்கைகளும். இந்த ஒரு கேமுக்கே அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்பதே கேள்வி. இரண்டு நாள் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு மறுபடி இதே துறைக்கு வந்து நின்று பார்த்தோம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

முதல் நடை

நான் வைத்த விதி ஒன்றுதான். எந்த மோடும் போடுமுன் ஒரு மணி நேரம், 2002-ல் வந்தது வந்தபடியே நடக்க வேண்டும். உறுத்துவதையெல்லாம் ஒரு தாளில் எழுத வேண்டும். புது வீட்டுக்குக் குடிபோனவர், ஒரு மழைக்காலம் பார்க்காமல் சுவரை இடிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எது ஒழுகுகிறது, எது காற்று வர விட்ட சந்து என்று இருந்து பார்த்தால்தானே தெரியும்.

அவன் நடந்தான். அலுவலக முற்றத்துப் பீப்பாய்க்குள் மோதிரம் ஒன்று கிடைத்தது. வெளியே வந்ததும் ஃபார்காத் என்ற குட்டை மனிதர், தொலைந்த தன் மோதிரத்தைக் கேட்டு வந்து நின்றார். கொடுக்கலாமா வேண்டாமா என்று அவன் யோசித்த நேரத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. கேம் அவனைப் பிடித்துக்கொண்டது. கொடுத்தான். கடலோரம் சேற்று நண்டு ஒன்றோடு சண்டை போட்டான். ஊரைத் தாண்டி நடந்தபோது வானத்திலிருந்து அலறல் கேட்டது. கூம்புத் தொப்பி போட்ட மந்திரவாதி ஒருவர் எங்கிருந்தோ வந்து அவன் முன்னால் விழுந்து இறந்தார். டார்ஹியல் என்பது அவர் பெயர். அவரிடம் மூன்று மந்திரச் சுருள்கள் இருந்தன. அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தாளில் ஒன்பது குறைகள் இருந்தன. தூரம் தெரியவில்லை. நடை மந்தம். கத்தி பட்டும் படவில்லை. முகங்கள் மரப்பாச்சிபோல் இருக்கின்றன. சுவரும் தரையும் கலங்கலாகத் தெரிகின்றன. தரையில் புல் இல்லை. செடியில் பூப்பறிக்கப் போனால் பெட்டியைத் திறப்பதுபோல ஒரு ஜன்னல் திறக்கிறது. போகும் இடத்துக்கு அம்புக்குறி இல்லை. ஆட்கள் வாய்திறந்து பேசாமல் எல்லாம் எழுத்தாகவே வருகிறது.

ஒன்பதும் நியாயமான குறைகள்தான். ஆனால் ஒன்பதும் ஒரே வகை அல்ல. தாளின் மறுபக்கத்தில் மூன்று பத்தி பிரித்தோம்: கேமின் பிழை, காலத்தின் குறை, நமக்குப் பிடிபடாதது.

படாத கத்தி

மூன்றாம் பத்தியில் முதலில் போய் உட்கார்ந்தது அந்தக் கத்தி. அவனுக்கு அதில்தான் கோபம் அதிகம்.

"நேரா நண்டு மேலதான் மாமா குத்துறேன். கண்ணு முன்னாடி உள்ள போகுது. ஆனா படலங்குது. இதுக்கு மோட் இருக்கா?"

இருக்கிறது, குத்துவதெல்லாம் பட்டுவிடும்படி செய்யும் மோட்கள் உண்டு. போடுமுன் கணக்கைப் பார்ப்போம் என்றேன். மாரோவிண்ட், தாளும் பகடையுமாக மேசையில் ஆடிய பழைய பாத்திர விளையாட்டின் நேர் வாரிசு. அதன் தலைமை வடிவமைப்பாளர் கென் ரோல்ஸ்டன் அந்த மேசை விளையாட்டுகளில் இருந்தே வந்தவர். ஒவ்வொரு குத்துக்கும் உள்ளுக்குள் ஒரு பகடை உருளுகிறது. ஆயுதத் திறனோடு, சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் கூட்ட வேண்டும். உடம்பில் முழுத் தெம்பு இருந்தால் அதை 1.25-ஆல் பெருக்க வேண்டும். ஓடிக் களைத்துத் தெம்பு வற்றியிருந்தால் 0.75-ஆல்.

அவன் உருவாக்கிய ஆளுக்கு நீண்ட வாளில் திறன் 50. ஆனால் கையில் வைத்திருந்தது அலுவலக மேசையில் கிடந்த குத்துவாள்; அதில் திறன் 10. சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40. கூட்டினால் 22. தெம்போடு நின்றால் நூற்றுக்கு 27 முறை படும். நண்டைத் துரத்தி ஓடிவந்து குத்தினால் 16. எதிரி விலகும் திறன் வேறு இதில் கழியும். அதே ஆள், அதே தெம்போடு நீண்ட வாளைப் பிடித்தால் 77.

கைக்கு வந்த முதல் நீண்ட வாளை மாட்டி, மூச்சு வாங்கி நின்று அடித்தான். நண்டு இரண்டாம் அடியில் கவிழ்ந்தது. தாளில் அந்த வரியை அவனே அடித்தான்.

நடை மந்தம் என்பதும் இதே கதைதான். ஓட ஓட ஓட்டத் திறன் ஏறும். முதல் நாள் நொண்டியவன் இரண்டு மாதத்தில் பறப்பான். அந்த ஏற்றத்தை உணர வேண்டுமானால் தொடக்கம் மந்தமாகத்தான் இருந்தாக வேண்டும். அம்புக்குறி இல்லாததும் அப்படித்தான். இங்கே ஆட்கள் வழி சொல்வார்கள்: ஆற்றை ஒட்டிப் போ, பாலம் தாண்டி வடக்கே திரும்பு என்று. அவர்கள் சொல் குறிப்பேட்டில் எழுதப்படும். முச்சந்தியில் வழிகாட்டிப் பலகை இருக்கும். அம்புக்குறியைப் போட்டால் இவ்வளவும் வீண். எழுத்தில் வரும் பேச்சையும் விட்டுவிட்டோம். அத்தனை ஆட்கள் அத்தனை விஷயம் பேச முடிவதே அது எழுத்தாக இருப்பதால்தான். ஆக, ஒன்பதில் நான்குக்கு மோட் தேவைப்படவில்லை.

சுவரொட்டி விதி

மீதி ஐந்துக்கும் கணினியைத் திறந்தோம். அவன் உடனே டவுன்லோடு பட்டனில் கை வைக்கப் போனான். தடுத்தேன். நான் பட்டபாடு அது. அந்தக் காலத்தில் கிடைத்த மோட்களையெல்லாம் கேமின் ‘டேட்டா ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் கொட்டி, ‘மேலெழுதவா’ என்று கேட்டதற்கெல்லாம் ஆம் என்று அழுத்தினேன். மூன்றாம் நாள் விவெக் நகரத்துக்குள் நுழைந்தால் கேம் மூடிக்கொண்டது. எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பழைய ஃபைல் எதுவும் மிஞ்சவில்லை. நாற்பது மணி நேரத்து சேவ் போனது.

மோட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இது நேராது. மாரோவிண்டின் கணினிப் பதிப்போடு ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’ என்ற கருவியையும் பெதெஸ்டா சேர்த்தே கொடுத்தது. தீவின் ஊர்களையும் ஆட்களையும் பணிகளையும் வாங்கியவரே திறந்து மாற்ற முடிந்தது. மோட் கலாசாரம் இவ்வளவு தழைத்ததற்கு அந்தக் கொடைதான் வேர்.

மோட்கள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, படத்தையும் உருவத்தையும் மாற்றுவது: பழைய சுவர்ப் படத்துக்குப் பதில் அதே பெயரில் புதிய சுவர்ப் படம். இன்னொன்று, பிளக்இன் என்னும் ஃபைல்: ஆட்கள், பொருள்கள், வசனங்கள், கணக்குகள் ஆகியவற்றின் பதிவேட்டை மாற்றுவது. இரண்டுக்கும் விதி ஒன்றே. நம் ஊர்ச் சுவரில் சுவரொட்டி ஒட்டுவதைப் போல. கடைசியாக ஒட்டியதே கண்ணில் படும். ஒரு மோட் ஃபார்காத்தின் சட்டையை மாற்றுகிறது, இன்னொன்று அவர் பையில் பத்துக் காசு வைக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் போட்டால் இரண்டும் நடக்கும் என்று நினைப்போம். நடக்காது. ஒவ்வொன்றும் ஃபார்காத்தின் பதிவு முழுவதையும் எழுதியிருக்கும். பின்னால் வருவது முன்னதை முழுசாக மறைத்துவிடும். வரிசை முக்கியம் என்பது இதனால்தான். மூலக் கேமில் அந்த வரிசையைத் தீர்மானித்தது ஃபைலின் தேதி. பழைய தேதி முதலில், புதிய தேதி பின்னால்.

எந்த எஞ்சினில் ஓட்டப் போகிறோம் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். இரண்டு பாதை உண்டு. மூல எஞ்சினையே வைத்துக்கொண்டு ‘மாரோவிண்ட் கோட் பேட்ச்’, ‘எம்ஜிஇ எக்ஸ்இ’ ஆகியவற்றால் பலப்படுத்துவது ஒன்று. ‘ஓப்பன்எம்டபிள்யூ’ என்ற புதிய எஞ்சினுக்கு மாறுவது இன்னொன்று. தன்னார்வலர்கள் 2008 முதல் அடியிலிருந்து எழுதிவரும் திறந்த மூல எஞ்சின் இது. விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். கேமின் படங்களோ கதையோ இதில் இல்லை. சொந்தமாக வாங்கிய மாரோவிண்ட் ஃபைல்கள் நம்மிடம் இருக்க வேண்டும். ஒரு பாதைக்கென்றே எழுதிய ஸ்கிரிப்ட் மோட்கள் பல மறுபாதையில் ஓடாது. ஆகவே எந்த மோடைப் பிடித்தாலும் அது எந்த எஞ்சினுக்கு என்று முதலில் படிக்க வேண்டும்.

நாங்கள் ஓப்பன்எம்டபிள்யூவை எடுத்தோம். எனக்குப் பிடித்த காரணம் ஒன்று: ஒவ்வொரு மோடும் தனித்தனி ஃபோல்டரிலேயே இருக்கலாம். எதை எதற்குப் பின் படிக்க வேண்டும் என்று லாஞ்சரில் வரிசை சொன்னால் போதும். ஓடும்போது அது தானே ஒன்றாக்கிப் பார்த்துக்கொள்ளும். மூலக் கேமின் மேல் ஒரு கீறல்கூட விழாது. பிடிக்கவில்லையா, அந்த ஃபோல்டரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டால் சுவரொட்டி உரிந்துவிடும். எஞ்சினை நிறுவி, அதன் வழிகாட்டியிடம் கேம் இருக்கும் இடத்தைக் காட்டினோம். இருபது நிமிட வேலை. துறையில் வந்து இறங்கினோம். எல்லாம் பழையபடியே இருந்தது. இனி ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

முதலில் போட்டது ‘பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ்’. பெயரே சொல்வதுபோல, மூலத்தைத் தொடாமல் பிழையை மட்டும் திருத்த நினைப்பவர்களுக்கானது. பாதியில் முறிந்து நிற்கும் பணிகள், தரையில் படாமல் அந்தரத்தில் நிற்கும் பொருள்கள், எழுத்துப் பிழைகள் என்று பொறுமையாகத் தேடித் தேடித் தைத்திருக்கிறார்கள். இதில் என் மனம் கவர்ந்தது ஃபைல்களைப் பிரித்திருக்கும் விதம். ஐயமின்றிப் பிழை என்று சொல்லத்தக்கவை ஒரு ஃபைலில். ‘இது பிழையா, வேண்டுமென்றே செய்ததா’ என்று வாதிடத்தக்கவை வேறொரு ஃபைலில், விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர் எழுதியதைத் திருத்தும்போது காட்ட வேண்டிய மரியாதை அது.

அடுத்து ‘மாரோவிண்ட் ஆப்டிமைசேஷன் பேட்ச்’, ‘புராஜெக்ட் அட்லஸ்’. இவை கேமின் உருவங்களைக் கணினி சுலபமாக வரையும்படி அடுக்கிக் கொடுப்பவை. ஒரு வீட்டை வரைய முன்பு பத்துப் படத்தைத் தனித்தனியாக எடுக்க வேண்டியிருந்தது. அவற்றை ஒரே பெரிய படத்தில் சேர்த்து வைத்தால் ஒரே எடுப்பில் வேலை முடியும். பிறகு ‘கிராஃபிக் ஹெர்பலிசம்’. இதைப் போட்டதும் செடியைத் தொட்டால் ஜன்னல் திறக்காமல் பூ நேராகப் பைக்கு வந்தது. பறித்த செடி மொட்டையாக நின்றது.

பழைய பிளக்இன்களைப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்னால் வந்த ‘டிரிபியூனல்’, ‘பிளட்மூன்’ விரிவாக்கங்களின் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டில் ஒரு கோளாறு உண்டு. பிளக்இனைச் சேமிக்கும்போது, செய்தவருக்கே தெரியாமல் அந்த விரிவாக்கங்களின் அமைப்புகளை உள்ளே செருகிவிடும்: டிரிபியூனலில் இருந்து 11, பிளட்மூனில் இருந்து 61, ஆக 72. பிறகு திருத்திய மதிப்புகளை இவை பழையபடி மாற்றிவிடும். ‘டெஸ்3சிஎம்டி’ என்ற சிறு கருவியால் இவற்றைத் துடைத்துவிடலாம்.

இத்தனையும் போட்டு மறுபடி துறைக்கு வந்தோம்.

"என்ன மாமா, ஒண்ணுமே மாறலையே?"

மாறவில்லை என்று தோன்றினால்தான் இந்தச் சுற்று சரியாக நடந்திருக்கிறது. நண்டு அங்கேயே இருந்தது. ஃபார்காத் மோதிரத்தைக் கேட்டார். ஊர் எங்கும் தடங்கலின்றி ஓடினோம். சேவ் எடுத்துப் பெயரிட்டு வைத்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சேவ். ஒரு சுற்றில் ஒரு வகை மாற்றம் மட்டும். ஏதாவது உடைந்தால் கடைசியில் தொட்டது எது என்று தெரியும்.

ஃபார்காத்தின் முகம்

இரண்டாம் சுற்று கண்ணுக்கானது. 2002-ல் இந்தக் கேம் கேட்ட குறைந்தபட்சக் கிராஃபிக்ஸ் நினைவகம் 32 எம்பி. அதற்குள் அடங்க, சுவர்ப் படங்கள் பெரும்பாலும் 256-க்கு 256 புள்ளி என்ற அளவில் செய்யப்பட்டன. இன்றைய திரையில் அருகே போனால் கலங்கும். இது காலத்தின் குறை, திருத்தலாம். ‘இன்டெலிஜென்ட் டெக்ஸ்சர்ஸ்’ என்ற தொகுப்பு மூலப் படங்களையே செயற்கை நுண்ணறிவின் துணையோடு பெரிதாக்கியது. பக்கம் நான்கு மடங்கானால் புள்ளிகள் பதினாறு மடங்கு.

மரப்பலகையின் ரேகை தெரிந்தது. கடை வாசலில் கல்லின் சொரசொரப்பு தெரிந்தது. நிறமும் ஒளியும் பழையபடியே இருந்தன. அவனுக்குத் திருப்தி போதவில்லை. முழுக்கப் புதிதாக வரைந்த வேறொரு சுவர்த் தொகுப்பையும், மற்றொருவர் செய்த தரையையும், இன்னொருவரின் மரங்களையும் போட்டுப் பார்க்க விரும்பினான். போட்டோம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அருமையான வேலை. ஒரே ஊரில் நின்றபோது சுவர் ஒரு பகல், தரை வேறொரு பகல், மரம் மூன்றாவது பகல் என்று வெயில் ஒட்டவே இல்லை. மூன்றையும் எடுத்துவிட்டுப் பழைய தொகுப்புக்கே திரும்பினோம். டெக்ஸ்சரைப் பொறுத்தவரை எனக்குத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் இதுதான்: ஒரே கை தீவு முழுக்கத் தொட்டிருக்க வேண்டும்.

அடுத்தது ஆட்கள். மூலத்தில் உடல்கள் தனித்தனித் துண்டுகள். முழங்கையிலும் தோளிலும் மரப்பாச்சியின் மூட்டு தெரியும். ‘பெட்டர் பாடீஸ்’ என்ற பழைய மோட் உடலை ஒரே தோலாக்கியது. அதைப் போட்டதும் ஊர் மக்கள் மனிதர்போல் நடந்தார்கள். முகங்களில்தான் சிக்கல் வந்தது. ஒரு முகத் தொகுப்பைப் போட்டு ஃபார்காத்தின் முன் போய் நின்றோம். வழவழப்பான கன்னம், எடுப்பான தாடை, கச்சிதமான புருவம். சினிமாவில் இரண்டாம் நாயகனாகப் போடலாம்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "இவரு மோதிரத்தை நான் திருப்பிக் குடுத்திருக்க மாட்டேன் மாமா."

அவன் சொன்னதில் இருக்கிறது முகம் தேர்ந்தெடுக்கும் சூத்திரம் முழுவதும். காலையில் அவனை யோசிக்க வைத்தது அந்தக் கோணல் முகம். திருட்டுமுழியும் பரிதாபமும் கலந்த அந்த ஆளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதே அந்த இடத்தின் கதை. அந்தத் தொகுப்பை நீக்கினோம். மூல முகத்தின் எலும்பை மாற்றாமல் ஓரங்களை மட்டும் மென்மையாக்கும் ஒன்றைத் தேடி எடுத்தோம். மறுபடி போய் நின்றபோது ஃபார்காத் ஃபார்காத்தாக இருந்தார்.

புல்லும் காளானும்

ஞாயிறு காலை புல் போட்டோம். செய்டா நீன் இருக்கும் பிட்டர் கோஸ்ட் ஒரு சதுப்பு நிலம். வளைந்த மரங்கள், தேங்கிய நீர், பாசி. இந்த நிலத்தில் தரை மொட்டையாக இருப்பது உறுத்தத்தான் செய்யும். ஓப்பன்எம்டபிள்யூவில் புல்லுக்குத் தனி வழி இருக்கிறது. அதைச் சாதாரணப் பொருளாகக் கணக்கில் எடுக்காது. கால் தடுக்காது, காற்றில் ஆடும், தொலைவில் மங்கி மறையும்.

போட்டதும் இருவருமே வாய்விட்டு ‘ஆஹா’ என்றோம். முழங்கால் உயரத்துக்குச் சதுப்பு நாணல். நீரோரம் அது சாய்ந்து அசைந்தது. கால் மணி நேரம் சும்மா நடந்தோம்.

பிறகு காளான் தேடினோம். பால்மோரா மந்திரவாதிகள் சங்கத்தில் அஜிரா என்ற பூனை இனத்துப் பெண் நான்கு வகைக் காளான் கேட்பாள். நான்கும் இந்தச் சதுப்பில் விளைபவை. இரண்டு மரத்தில் படரும், கண்ணில் பட்டன. தரையில் முளைப்பவற்றைக் காணோம். முதல் நடையில் தடுக்கி விழும்படி இருந்தவை, நாணலுக்குள் புதைந்துவிட்டன. புல் அழகாக இருந்தது; ஆனால் அது மறைத்த காளான், இந்த நிலத்துக்கு மக்கள் வருவதற்கான காரணம். அடர்த்தியை எஞ்சினின் அமைப்புகளில் பாதிக்கும் கீழே குறைத்தோம். புல் இடைவெளி விட்டு நின்றது. இடைவெளியில் காளான் குடைகள் மறுபடி தெரிந்தன. கணினியின் லேக்கும் குறைந்தது.

சுருள்

கடைசியாகத் தாளில் முதலில் எழுதிய குறை: தூரம் தெரியவில்லை.

தீவின் நிலம் சதுரக் கட்டங்களாக வெட்டப்பட்டது. ஒரு கட்டத்தின் பக்கம் 8192 அலகு, நம் கணக்கில் சுமார் 117 மீட்டர். மூலக் கேமில் பார்வை ஒரு கட்டத்துக்கும் குறைவாகவே, ஏறத்தாழ 100 மீட்டரில் நின்றுவிடும். அன்றைய கணினிக்கு அவ்வளவே வரைய முடிந்தது. மீதியை மூடுபனி மறைத்தது. ஓப்பன்எம்டபிள்யூவில் இதற்கு மோடே வேண்டாம். எத்தனை கட்டம் தெரிய வேண்டும் என்று லாஞ்சரில் ஓர் எண் போட்டால் போதும்.

"இருபது போடுங்க மாமா."

போட்டேன். டார்ஹியலிடம் எடுத்த சுருள்களை இப்போது வெளியே எடுக்கச் சொன்னேன். அந்தச் சுருளைப் படித்தால் ஏழு நொடிக்குக் குதிக்கும் திறன் 1000 புள்ளி கூடும். குதித்தால் வானத்துக்கே போகலாம். ஏழு நொடியில் மந்திரம் தீரும்; இறங்கும்போது அடுத்த சுருளைப் படிக்காவிட்டால் டார்ஹியலின் கதிதான். பழைய நாட்களில் இதைச் செய்தபோது பனிக்குள் ஏறிப் பனிக்குள் இறங்கியிருக்கிறேன். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத அந்தப் பயம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அவன் படித்தான், குதித்தான். தரை விலகியது. பனி இல்லை. தீவு முழுவதும் கீழே விரிந்தது.

நான் பேசாமல் பார்த்தேன். கிழக்கே விவெக் நகரத்தின் மாடிக் குன்றுகள், கைநீட்டினால் எட்டும்போல் இருந்தன. வடக்கே பால்மோரா. அதற்கும் அப்பால், கேமின் கடைசியில் போய்ச் சேர வேண்டிய ரெட் மவுண்டன் எரிமலை, நச்சுப் புயல் எதுவும் சூழாமல் வெயிலில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அந்த மலையை அடைய நான் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன்.

"இவ்வளவுதானா மாமா?" அவன் குரல் இறங்கிவிட்டது. அடுத்த சுருளைப் படித்து நல்லபடி இறங்கினான்.

இவ்வளவுதான். செய்டா நீனிலிருந்து பால்மோரா வடக்கே 7 கட்டம். நேர்கோட்டில் 1 கி.மீ.கூட இல்லை. எரிமலையின் உச்சி சுமார் 2 கி.மீ. இதற்கு முந்தைய ‘டாகர்ஃபால்’ விளையாட்டில், 1996-ல், பெதெஸ்டா கணினியைக் கொண்டே ஒரு நாட்டின் அளவுக்கு நிலத்தை உருவாக்கிக் காட்டியது. மாரோவிண்டில் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாறையையும் கையால் வைத்தார்கள். கையால் வைப்பதால் நிலம் சிறிதாகத்தான் இருக்க முடியும். அந்தச் சிறு நிலத்தைப் பெரிதாக்க அவர்களிடம் இருந்தவை மூன்று: மெதுவான நடை, வளைந்து வளைந்து போகும் பாதை, மூடுபனி. அடுத்த மேட்டுக்கு அப்பால் என்ன என்று தெரியாதவரை ஒரு கிலோமீட்டரும் ஒரு தேசம்தான். இல்லாமையால் வந்த பனி, இருந்து இருந்து அந்தத் தீவின் உறுப்பாகிவிட்டது.

அதற்காக நூறு மீட்டரில் முட்டி நிற்கவும் வேண்டாம். அது கண்ணுக்குச் சிரமம்; கடலில் வரும் கப்பலுக்குக் கலங்கரை விளக்கம் தெரியாவிட்டால் அது எதற்கு? பத்து வைத்தோம்: விவெக் ஒளிந்துகொள்ளவில்லை. ஐந்து: பரவாயில்லை, ஆனாலும் நடக்குமுன்பே வழி முழுக்கத் தெரிந்துபோனது. இரண்டரை வைத்தோம். துறையில் நின்றால் ஊர் முழுவதும் தெரிந்தது. சதுப்பின் முதல் மரவரிசை தெரிந்தது. அதன்பின் பனி மெல்ல ஆரம்பித்தது, சுவராக அல்ல, திரையாக. அவன் அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டான்.

வேண்டாம் என்று வைத்தவை

கிளிஃப் ரேசர்களை என்ன செய்வது என்று சிறு வாக்குவாதம் நடந்தது. மலைப்பாதையில் கூட்டமாக வந்து கொத்தும் பறவை இனம் அது. மாரோவிண்ட் ஆடிய யாரைக் கேட்டாலும் திட்டுவார்கள். அவற்றை அடியோடு நீக்கும் மோட்கள் உண்டு. ஆனால் கப்பலில் கண் விழித்ததும் நம் பெயரைக் கேட்கும் கைதி ஜியூப்பை, இந்தப் பறவைகளை வார்டன்ஃபெல்லிலிருந்து விரட்டியதற்காகப் புனிதராக்கிவிட்டது பின்னால் வந்த கேம்களின் கதை. அந்தப் பெருமை புரிய நான்கு கொத்தாவது வாங்க வேண்டாமா? விட்டுவைத்தோம்.

‘டாம்ரியல் ரீபில்ட்’ பற்றி அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். மூலக் கேமில் தீவு மட்டுமே உண்டு. கதையில் வரும் மாரோவிண்ட் மாகாணத்தின் பெருநிலம் இல்லை. அந்தப் பெருநிலத்தைத் தன்னார்வலர்கள் கட்டிவருகிறார்கள். கேம் வெளிவருமுன், 2001-லேயே தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. ஊர் ஊராக, வசனம் வசனமாக, பணம் வாங்காமல் கட்டுகிறார்கள். தொடங்கியபோது பிறந்திராதவர்கள்கூட இன்று அதில் சேர்ந்து பாறை வைக்கும் வயதில் இருக்கிறார்கள். அதை இப்போது போடவில்லை. தீவு முழுக்க நடந்தபின் கப்பலேறிப் போகலாம் என்று ஒப்பந்தம்.

கடைசியில் எண்ணிப் பார்த்தால் நாங்கள் வைத்துக்கொண்டவை எட்டைத் தாண்டவில்லை. ஒவ்வொன்றின் பெயரையும், பதிப்பு எண்ணையும், வரிசையையும் அதே தாளில் எழுதினோம். மோட் ஃபோல்டரில் இருக்கும் ‘ரீட்மீ’ ஃபைலை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கச் சொன்னேன். எப்படி நிறுவுவது என்பதோடு, யாரிடம் எந்தப் படத்தை அனுமதி கேட்டு வாங்கினோம் என்பதையும் அதில் எழுதியிருப்பார்கள். முகம் தெரியாத பல பேரின் இரவுகள் அந்த ஃபைல்களில் இருக்கின்றன. அவற்றைப் படிப்பது அவர்களுக்குச் செலுத்தும் குறைந்தபட்ச நன்றி.

பால்மோராவுக்கு

ஞாயிறு மாலை புதிய ஆளை உருவாக்கி மறுபடி கப்பலிலிருந்து இறங்கினான். ஊரோரம் யானையைப் பல மடங்கு மீறிய சவாரிப் பூச்சி, சில்ட் ஸ்ட்ரைடர், நின்றது. காசு கொடுத்தால் அதன் முதுகில் ஒரே நொடியில் பால்மோரா. "வேணாம், நடந்தே போவோம்" என்றான்.

மோதிரத்தைக் கொடுத்தான். டார்ஹியல் விழுந்தார். சதுப்பு பின்வாங்கிப் பாதை மேடேறியது. முச்சந்தியில் வழிகாட்டிப் பலகையைப் படித்து வடக்கே திரும்பினான். பனி எங்களுக்கு இருநூற்றுச் சொச்சம் மீட்டர் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்து முதலில் ஒரு மரம் வந்தது, பிறகு ஒரு குகை வாசல், பிறகு யாரோ ஒருவர். ஒவ்வொன்றுக்கும் அவன் நின்றான். குகைக்குள் எட்டிப் பார்த்துத் தப்பி ஓடிவந்தான். களைத்தபோது ஓடாமல் நடந்தான். சண்டைக்குத் தெம்பு வேண்டும் என்று அவனுக்கு இப்போது தெரியும். மூன்மாத் கோட்டையின் சுவர் பனியிலிருந்து எழுந்தபோது ஊர் வந்துவிட்டது என்று நினைத்து ஏமாந்தான்.

கோட்டையைத் தாண்டிப் பாதை இறங்கியது. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரம் என்று முன்பு வானத்திலிருந்து பார்த்த அதே தூரம். திரையில் முதலில் மண் நிறத்தில் ஒரு மூலை தெரிந்தது. பிறகு ஒரு மாடி, அதற்குக் கீழே ஒரு பாலம், ஆற்றில் விளக்கின் ஒளி.

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"வந்துட்டோம் மாமா" என்றான், மெதுவாக.